இருக்கிறீர்களா என்று கேட்கும் பெட்டி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். ஸ்கூலில் யாருக்கும் சொல்லாதீர்கள். வெளியே தெரிந்தால் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் சோறு இல்லை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

20 அக்டோபர் 2007, சனி

காலையில் தூறல். மதியம் நல்ல வெயில். ஆயுத பூஜை.

செய்தது: சென்டரைக் கழுவிவிட்டேன். எட்டு மானிட்டரையும் துடைத்துச் சந்தனம், குங்குமம். யூ.பி.எஸ்.க்கு மாலை. பொரி கடலை பொட்டலம் பதினொன்று, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி.

சென்டர் என்பது சித்தப்பாவின் பிரவுசிங் சென்டர். போன வருடத்திலிருந்து ஸ்டடி சென்டரும் கூட. வடக்கே எங்கேயோ இருக்கிற ஒரு யுனிவர்சிட்டி ஆன்லைனிலேயே டிகிரி கொடுக்கிறது. வாசல் போர்டில் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். நம் ஊர் ஆட்கள் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பு என்றால் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிற வீடியோ. பாதி நேரம் சுற்றிக்கொண்டே நிற்கும். யுனிவர்சிட்டிக்கு யார் என்ன படித்தார்கள் என்பது பற்றிக் கவலை இல்லை. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரை நடுவில் ஒரு பெட்டி வரும். இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்கும். கீழே இருக்கிறேன் என்று ஒரு பட்டன். அமுக்காவிட்டால் அன்றைய வகுப்பு போச்சு.

அமுக்குவது நான். ஸ்கூல் விட்டு வந்ததும் எட்டு கம்ப்யூட்டரிலும் எட்டுப் பேர் பெயரில் உள்ளே போய், நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து அமுக்குவேன். யார் பெயரில், எந்த நேரம், யார் அமுக்கியது, எல்லாவற்றையும் ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுத வேண்டும். ஒருவருக்கே இரண்டு தடவை போட்டுவிடக் கூடாது என்று சி.பா. வைத்த ஏற்பாடு. (சித்தப்பாவை இனி இப்படித்தான் எழுதப் போகிறேன்.)

இன்று எனக்குப் பயம் வேறொன்றுக்கு: பூஜைக்கு வைத்த சாமானை நாளை வரை தொடக்கூடாது. ஆனால் மாதக் கடைசி நெருங்குகிறது, மணிக்கணக்கு குறைகிறது. சி.பா. ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மவுஸுக்கு மட்டும் பொட்டு வெக்காத வளரு. மானிட்டர்தான் பூஜையில இருக்குது. மவுஸு இல்ல. அமுக்கலாம்."

சித்தி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால், ஒரு மணிக்கு, ஒரு போன். ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணிசாமி. ஸ்டெல்லா என் வகுப்பு, என் பெஞ்சு. அவள் அப்பா பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் சூளை எரிப்பவர். பதினோரு பேரில் தானே வந்து உட்காருகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களுக்குப் போல எனக்கு அமுக்கிவிடாதே என்று முதலிலேயே சொன்னவர். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, புரியாத வார்த்தையை எல்லாம் எழுதி வைத்து என்னிடம் கேட்பார். ஒருநாள், "மேனேஜ்மென்ட்டுன்னா என்னா பாப்பா?" என்றார். டிக்‌ஷனரி பார்த்து நிர்வாகம் என்றேன். "அப்ப எங்க கம்பெனியில அத யாரும் பண்ணல" என்றார்.

போனில் அவர் குரலுக்குப் பின்னால் பர்னர் இரைச்சல். "மொதலாளி வரச் சொல்லிட்டாரு பாப்பா. நேத்தே சூளைய மூட்டியாச்சி, பாதியில அணைக்க முடியாது. பூஜைன்னு ஒருத்தரும் வரல. நான் மட்டுந்தான். இந்த ஒரு நாளு எனக்கும் நீயே அமுக்கிடு."

அமுக்கினேன். இரண்டிலிருந்து ஐந்து வரை. பதினெட்டுத் தடவை.

சாயந்திரம் பத்துப் பொட்டலம் போயிற்று. அவருடையது மட்டும் மேசை டிராயரில். அவர் வேதக்காரர்தான், ஆனால் பொரி பிடிக்கும்.

சரஸ்வதி மன்னிக்க வேண்டும்.

21, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

காலையில் பால் வாங்கப் போன அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்டெல்லா அப்பாவுக்கு நெருப்புக் காயம். வீட்டில் ஸ்டவ் வெடித்துவிட்டதாம். கம்பெனி வேன் நேற்று ஆறு மணிக்கு ஜி.ஹெச்.சில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அங்கிருந்து பாண்டிச்சேரி. பேச்சு இல்லை.

டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், அப்புறம் ஸ்டவ்வா? இருக்கலாம். எனக்கு மவுஸ் ஞாபகம்தான் வந்தது. பொட்டு வைத்திருக்கலாம்.

சாயந்திரம் கம்பெனி முதலாளியின் கார் எங்கள் சந்தில் நின்றது. சென்டர் கட்டடம் அவருடையது. வாடகைக்கு அவர் வந்ததே இல்லை, ஆள்தான் வரும். இன்று அவரே வந்தார். சி.பா. காருக்குள் ஏறி உட்கார்ந்து பேசினார். கண்ணாடி ஏற்றி இருந்தது.

22, திங்கள்

விடிகாலை இறந்துவிட்டார்.

பிரேயரில் ஒரு நிமிடம் நின்றோம். என் பக்கத்தில் பெஞ்சு காலி. இயற்பியல் டெஸ்ட் தள்ளிப்போனது. பின் வரிசையில் ஒருத்தி, நல்லவேளை என்றாள்.

நாலு மணிக்குச் சென்டர். ஐந்தாவது கம்ப்யூட்டரில் சி.பா.வே அந்தோணிசாமி பெயரில் உள்ளே போய் வைத்திருந்தார். அவர் செத்துப் போய்விட்டாரே என்றேன்.

"தெரியும். திடீர்னு நிறுத்தினா யுனிவர்சிட்டிக்காரன் ஏன்னு கேப்பான். மாசக் கடைசி வரைக்கும் போவட்டும்."

பத்து நிமிடம் ஆனது. பெட்டி வந்தது. இருக்கிறீர்களா.

சி.பா. பின்னால் நின்றார். அமுக்கினேன். உடனே இன்னொரு வரி வந்தது: இந்த மாதம் ஒரு வகுப்பும் தவறவில்லை, பாராட்டுகள். அவர் பெயர் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

ராத்திரி சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

23, செவ்வாய்

அடக்கம். கோயிலிலிருந்து கல்லறை வரை மழையில் நடந்தோம். பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள்.

ஸ்டெல்லா அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரோரம் நிறுத்திச் சொன்னாள்:

"எங்க வூட்டுல ஸ்டவ்வே இல்லடி. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு ஒரு வருசம் ஆவுது. அப்பறம் எது வெடிச்சிது?"

கம்பெனியில் ஒருவர் சனிக்கிழமை ராத்திரியே வந்து அவள் அம்மாவிடம் சொன்னாராம்: நாலு மணிக்குப் பர்னர் தீ திரும்பி அடித்தது, இரண்டு மணி நேரம் ஆபீஸ் ரூமிலேயே போட்டு வைத்திருந்தார்கள் என்று. ஞாயிறு காலையில் அதே ஆள், நான் சொல்லவே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இவர்கள் இருப்பது கம்பெனி லைன் வீடு. இரண்டு பக்கமும் கம்பெனி ஆட்கள்தான். யாருக்கும் எதுவும் தெரியாதாம்.

நாலு மணி.

நாலு மணிக்கு நான் அவர் பெயரில் இருக்கிறேன் என்று அமுக்கிக்கொண்டிருந்தேன்.

26, வெள்ளி

வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

வாங்க வேண்டியது: கிராஃப் ஷீட், நீல ரீஃபில், அம்மாவுக்கு அமிர்தாஞ்சன்.

ஸ்கூல் விட்டு வந்தால் சென்டரில் யுனிவர்சிட்டியின் ரீஜனல் ஆபீசர். டை கட்டியிருந்தார். பக்கத்தில் முதலாளி. சித்தி டீ கொடுக்கச் சொன்னாள். தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் கேன் பக்கமே நின்றுகொண்டேன்.

ஆபீசர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாக விரலால் காட்டினார். அந்தோணிசாமி. இருபதாம் தேதி. பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து. பதினெட்டுத் தடவை கேட்டதற்குப் பதினெட்டுத் தடவை பதில். கீழே யுனிவர்சிட்டி சீல்.

முதலாளி கேட்டார், இதை ஸ்டேஷனில் ஒத்துக்கொள்வார்களா என்று.

"கம்ப்யூட்டர் ரெக்கார்டு சார். மனுசன் பொய் சொல்லலாம். இது சொல்லாது. யாரோட பாஸ்வேர்டோ அவருதான் ஆளு, எங்க யுனிவர்சிட்டி ரூலே அதான்."

அப்படியென்றால் நாலு மணிக்கு அந்தோணிசாமி சூளையில் இல்லை. எங்கள் சென்டரில் இருந்தார். ஐந்துக்கு மேல் வீட்டுக்குப் போய்த்தான் எரிந்தார். அந்த வழியாக வந்த கம்பெனி வேன் பாவம் என்று தூக்கிக்கொண்டு போனது.

ஆபீசர் கிளம்பும்போது என் தலையைத் தொட்டு நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்டார். அடுத்த வருடம் இன்னும் இருபது சென்டர் திறக்கப் போகிறார்களாம். நம்முடையதுதான் மாதிரி சென்டராம்.

அவர்கள் போன பிறகு சி.பா. என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். நாம் ஒன்றும் செய்யவில்லை, இருக்கிற பேப்பரைக் கொடுத்தோம், அவ்வளவுதான். நீ வாயைத் திறந்தால் முதலில் உள்ளே போவது நான், அடுத்து நீ. பதினோரு பேர் டிகிரியும் போகும். அப்பா செத்த பிறகு உன்னையும் உன் அம்மாவையும் யார் பார்த்தது என்று கேட்டார். குரல் உடைந்தது. அவர் அழுவதை நான் பார்த்ததில்லை. அது எனக்கு அதட்டலைவிடப் பயமாக இருந்தது.

28, ஞாயிறு

ஸ்டெல்லாவின் அம்மாவைப் பூசைக்குப் போகும் வழியிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டில்தான் எரிந்தார் என்றால் யார் எரித்தது என்று கேள்வி வருகிறது. ஸ்டவ்வை எங்கே மறைத்தாய் என்று கேட்டார்களாம். இல்லாத ஸ்டவ்வை எங்கிருந்து காட்டுவது. சாயந்திரம் விட்டார்கள். நாளை மறுபடியும் வர வேண்டும்.

பம்பில் தண்ணீர் பிடிக்கும்போது லைன் வீட்டுப் பெண்கள் பேசியது, காதில் விழுந்தது:

"புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னா இருந்துச்சோ."

"அவரு டிகிரி படிக்கப் போயி வந்தது இவளுக்குப் புடிக்கலியாம்."

போன வாரம் இதே பெண்கள்தான் அவளைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள். சி.பா. கல்லாவில்.

"எங்கப்பா அன்னிக்கி சென்டருக்கு வந்தாரா வளரு? நீதான இருந்த. வந்தாரா இல்லியான்னு மட்டும் சொல்லு."

சி.பா.வின் பேனா நின்றது.

எனக்குத் தெரியலடி, கூட்டமா இருந்துது, என்றேன்.

ஆயுத பூஜையன்று ஷட்டர் பாதி இறக்கின கடையில் என்ன கூட்டம். அவளுக்கும் தெரியும். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள், ஏறாமல்.

டிராயரைத் திறந்து பார்த்தேன். பொரிப் பொட்டலம் இன்னும் இருக்கிறது. நமுத்துவிட்டது. மேலே என் எழுத்தில் அவர் பெயர்.

30, செவ்வாய்

மழை. வேதியியலில் 31/50. யாரும் கேட்கவில்லை.

சி.பா. பச்சை நோட்டு எங்கே என்றார். ஸ்கூல் பையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று மாடிக்கு வந்தேன். ரிப்பேரான மானிட்டர்களைப் போட்டு வைத்திருக்கிற அறை. நான் படிப்பதும் தூங்குவதும் இங்கேதான்.

இருபதாம் தேதி பக்கத்தைப் பார்த்தேன். ஏழு பேருக்கு வெறும் நேரம் மட்டும் எழுதியிருக்கிறேன். எட்டாவது வரி:

*அந்தோணிசாமி, 2–5, கம்பெனி டூட்டி, 1 மணிக்குப் போனில் சொன்னார். அமுக்கியது: வ.*

அவர் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. அதனால்தான் காரணம் எழுதி வைத்தேன். அவருக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று.

அந்தத் தாளை ஸ்கேல் வைத்து ஓரமாகக் கிழித்தேன். சத்தம் வராமல் இருக்க இருமினேன். நோட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். சி.பா. பிரித்துப் பார்க்கவில்லை. அம்மாதான் அப்போது வெந்நீர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையில் கொடுத்து, போடுங்க அண்ணி என்றார். அம்மா என்ன நோட்டு என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே போட்டாள். முன் அட்டை எரிய ரொம்ப நேரம் ஆனது. பின் அட்டையும் அதோடு ஒட்டிய கடைசித் தாள்களும் நனைந்திருந்தன. அதை மட்டும் சி.பா. வெளியே எடுத்து உதறி, காய்ந்த பிறகு போடலாம் என்று கல்லா மேசைக்குள் வைத்தார்.

அந்தப் பின் அட்டையின் உள்பக்கத்தில் நான் பக்க எண்ணோடு தேதி எழுதி வைத்திருப்பேன். மாதா மாதம் கூட்டிப் பார்க்க. மிஞ்சிய தாள்களை அதோடு ஒத்துப் பார்த்தால் இருபதாம் தேதி பக்கம் இல்லாதது தெரிந்துவிடும். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

தாள் இங்கே, இந்தப் பக்கத்தோடு குண்டூசியில்.

2 நவம்பர், வெள்ளி

மழை விட்டுவிட்டது. கல்லறைத் திருநாள்.

ஸ்கூல் விட்டதும் கல்லறைக்குப் போனேன். எல்லாக் கல்லறையிலும் பூ, மெழுகுவர்த்தி. புது மண் மேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா தனியாக. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. நான் போய்க் குடையைச் சாய்த்துப் பிடித்தேன். மூன்றாவது தீக்குச்சியில் பிடித்தது.

அவள் அம்மா ஸ்டேஷனில் இருக்கிறாள். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. கடலூரிலிருந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டரும் வருகிறார். அந்த யுனிவர்சிட்டி காகிதத்தை வைத்து முடித்துவிடுவார்கள், அப்புறம் அம்மா வீட்டுக்கு வரமாட்டாள் என்று அம்மாவுக்காகப் பேசுகிற வக்கீல் சொல்லிவிட்டாராம். லைன் வீட்டைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். ஸ்டெல்லா இதையெல்லாம் நேற்றைய வீட்டுப்பாடம் சொல்வது போலச் சொன்னாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கல்லறை கேட்டுக்கு வெளியே கம்பெனி வேன் நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான். குடையை அவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சி.பா. என்னை உட்கார வைத்தார். நாளைக்கு நானும் வர வேண்டுமாம். யூனிஃபார்மில். இரண்டே வரி சொன்னால் போதுமாம். சொல்லிக் கொடுத்தார், நான் திருப்பிச் சொன்னேன், மூன்று தடவை:

"அவரு ரெண்டு மணிக்கு வந்தாரு. அஞ்சு மணி வரைக்கும் இருந்துட்டுப் பொரி வாங்கிட்டுப் போனாரு."

மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே அவர் வந்த மாதிரி தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்குகிற மாதிரி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பிட்ட பிறகு டிராயரிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டேன். நோட்டோடு வைத்திருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். ஐந்து மணிக்கு அம்மா வாசல் தெளிக்கக் கதவைத் திறப்பாள். அப்போது போய்விடுவேன். ஸ்டெல்லா வீடு, அங்கிருந்து வக்கீல் வீடு. பத்து மணிக்கு யூனிஃபார்மில்தான் போவேன். வேறு இரண்டு வரி சொல்வேன்.

முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது அதன் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். நான் போக முடியாமல் போய், இது உங்கள் கையில் கிடைத்தால் காட்டுங்கள். வக்கீலிடம், கடலூரிலிருந்து வருகிறவரிடம், யாரிடம் வேண்டுமானாலும். குண்டூசியில் இருக்கிற தாளில் உள்ளது என் கையெழுத்து. பதினெட்டுத் தடவையும் அமுக்கியது நான்தான். அந்தோணிசாமி அன்று எங்கள் சென்டருக்கு வரவில்லை. முதலாளி கூப்பிட்டுச் சூளைக்குப் போனார். அவரே போனில் என்னிடம் சொன்னார்.

கி. வளர்மதி, பதினொன்றாம் வகுப்பு.

கீழே கல்லா மேசை டிராயர் இழுபடும் சத்தம். சித்தியிடம் சி.பா. ஏதோ கேட்கிறார். பச்சை அட்டை, எத்தனை பக்கம், என்பது மட்டும் காதில் விழுகிறது.

மாடிப்படி.

தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். பொட்டலத்தையும் நோட்டையும் மூன்றாவது மானிட்டருக்குள் வைக்கப் போகிறேன், அதற்குப் பின்மூடி இல்லை, ஸ்டெல்லாவுக்கு அந்த இடம் தெரியும், நாங்கள் பரீட்சை பேப்பரை ஒளிக்கிற

தட்டுகிறார். மெதுவாகத்தான் தட்டுகிறார்.

"வளரு. இருக்கியா?"